தோளில் தொங்கிய வெந்நீர்த் தொட்டி

பிள்ளைகள் வேஷம் கட்டித் தெருவில் இறங்குகிற சாம்பல் புதனுக்கு என்ன வேஷம் என்று கேட்டால் ஆறு வயதுப் பிள்ளை பூனை என்று சொல்லலாம், கடற்கொள்ளைக்காரி என்று சொல்லலாம். போன வருஷம் மாதிரி தேனீ என்று சொல்லியிருந்தால் பரணிலிருந்து எடுத்து உதறிக் கொடுத்துவிட்டு நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்த்திருப்பேன். என் மகள் லோவா, தட்டிலிருந்த உருளைக்கிழங்கை முள்கரண்டியால் குத்திக்கொண்டே, "வெந்நீர்த் தொட்டி" என்றாள்.

"தொட்டிக்குள்ள உக்காந்திருக்கிற ஆளா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. தொட்டி. நான்தான் தொட்டி."

என் மனைவி ஸ்வாவாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாயிலிருந்த மீனை அவசரமாக விழுங்கிவிட்டு, "செஞ்சு குடேன் தோர்கில்ஸ். ஊரு பூரா வெந்நீர்க் குழாய் போடற. பெத்த பொண்ணுக்கு ஒரு தொட்டி கட்ட மாட்டியா?" என்றாள்.

"நெசத் தொட்டின்னா நாளைக்கே கட்டிடுவேன். கால் மொளைச்ச தொட்டிக்கு நான் எங்க போவேன்?"

"கால் எனக்கு இருக்குப்பா" என்றாள் லோவா.

நாங்கள் இந்த வடக்குக் கரை அக்குரெய்ரிக்கு வந்தது இலையுதிர்காலத்தில்தான். அதுவரை கிழக்குக் கரையில், பள்ளிக்கூடமே ஒரே அறையாக இருந்த ஊரில் இருந்தோம். அங்கே சாம்பல் புதன் வந்தால் இருக்கிற பிள்ளைகள் எல்லோரும் ஒரே கூட்டமாகப் போய், இருக்கிற ஒரே கடையில் பாடி, மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். இங்கே அப்படி இல்லை. புத்தாண்டு வெடிச்சத்தம் ஓய்வதற்குள் பிள்ளைகள் கட்சி கட்டிவிடுகிறார்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கோஷ்டி, ஒரே மாதிரி வேஷம், ஒரு பாட்டு. அன்றைக்குக் கடை கடையாக ஏறி இறங்கிப் பாட வேண்டும், பாடினால்தான் மிட்டாய். லோவாவின் வகுப்பில் எல்லோரும் ஏதாவது ஒரு கோஷ்டியில் இருந்தார்கள். பால்வாடியிலிருந்தே ஒட்டிக்கொண்டு திரிகிற பிள்ளைகள். லோவாவை யாரும் கூப்பிடவில்லை.

இதைத் தொட்டி கேட்பதற்குச் சில நாள் முன்னால்தான் சொன்னாள். அழுதுகொண்டு சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரி சொன்னாள். ஸ்வாவா உடனே போனைக் கையில் எடுத்தாள்.

"உன் கிளாஸ் ஹுக்ரூனோட அம்மாகிட்டப் பேசறேன். உன்னையும் சேத்துக்கச் சொல்றேன்."

"வேணாம்மா. நீ போன் பண்ணி வர்றவங்க என் ஃப்ரெண்டா? உன் ஃப்ரெண்டு!"

ஸ்வாவா போனைக் கீழே வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து லோவா என் பக்கம் திரும்பி, "அப்பா, நீ மட்டும் எப்படி இங்க ஃப்ரெண்ட்ஸ் புடிச்ச?" என்று கேட்டாள்.

கேட்டதும் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வந்த இரண்டாவது வாரமே எனக்கு இந்த ஊரில் கூட்டாளிகள் சேர்ந்துவிட்டார்கள். எல்லாம் நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில்தான். அங்கே ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரு தொட்டி. நாற்பத்திரண்டு டிகிரித் தொட்டியில் தினம் சாயங்காலம் உட்காருகிற கூட்டம் ஒன்று உண்டு. மீன்பிடிச் சாமான் கடை கெஸ்தூர், ஓய்வு பெற்ற பாதிரியார் ஒருவர், மீன்களுக்குப் பல் இருக்கிறதா என்று ஓயாமல் சண்டை போடுகிற இரண்டு சகோதரர்கள். தலையில் பனி விழ, கழுத்துவரை வெந்நீரில் கிடந்துகொண்டு ஊர் வம்பு பேசுவோம்.

"அதுவா? தொட்டியில யாரும் யாரையும் கூப்பிடறதில்ல லோவா" என்றேன் பெரிய மனுஷன் தோரணையில். "நீ பாட்டுக்கு உக்காந்திருக்கணும். தண்ணி சூடா இருந்தா அவங்களே வந்து பக்கத்துல உக்காருவாங்க."

அதற்கு மூன்றாம் நாள்தான் அவள் தொட்டியாக வேண்டும் என்று சொன்னது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. என் மண்டையில் அப்போது குழாய் அளவுதான் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு ஊசியில் நூல் கோக்க வராது. ஆனால் வெந்நீர்க் குழாயை வளைக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வளைப்பேன். தரைக்கடியில் சூடேற்றப் போடுகிற வளையும் குழாய் வண்டியில் மிச்சம் கிடந்தது. அதை வட்டமாக வளைத்து, இரண்டு முனையையும் பித்தளை இணைப்பில் பூட்டினேன். மேலே குழாய்க்குப் போர்த்துகிற கறுப்பு ஃபோமைச் சுற்றினேன். தொட்டியின் கல் விளிம்பு அச்சாக வந்துவிட்டது. சுற்றிலும் நீலத் தார்ப்பாயைப் பாவாடை மாதிரி தொங்கவிட்டேன். தோளில் மாட்ட என் பழைய மீன்பிடிக் கால்சட்டையின் வார்கள். அளவை லோவாவின் பனி உடுப்புக்கு மேல்தான் எடுத்தேன். வெறும் உடம்புக்கு அளவெடுத்து வேஷம் தைக்கிறவர்கள் புதிதாகப் பெற்றோர் ஆனவர்கள். அவர்கள் வீட்டு இளவரசிகள் புதன்கிழமை காலையில் கவுனைப் பனி உடுப்புக்குள் திணித்துக்கொண்டு, திணித்த தலையணை மாதிரி உருண்டு வருவார்கள்.

"பாத்தியா, தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது. அட்டையில செய்யறவன் ஏமாளி" என்று ஸ்வாவாவிடம் பீற்றிக்கொண்டேன்.

"ஆமா, சுனாமி வந்தாக்கூட நம்ம பொண்ணு மட்டும் மிதப்பா" என்றாள் அவள்.

லோவா வளையத்துக்குள் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "சின்னதா இருக்குப்பா."

"உனக்குச் சரியாத்தான இருக்கு."

"இன்னும் பெருசா வேணும்."

"பெருசா இருந்தா தூக்க முடியாது. தனியா போற புள்ளைக்கு எதுக்கு அவ்வளோ பெரிய தொட்டி?"

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. ஸ்வாவா என்னைப் பார்த்த பார்வையில் தார்ப்பாய் பொசுங்கியிருக்கும். லோவா வார்களைத் தோளிலிருந்து கழற்றி, தொட்டியை மெல்லத் தரையில் வைத்துவிட்டு, தன் அறைக்குப் போய்விட்டாள். நான் வண்டிக்குப் போய் மிச்சக் குழாய் முழுவதையும் எடுத்துவந்தேன். கூடத்து மேசையையும் நாற்காலிகளையும் ஓரங்கட்டி, ஐந்து பேர் நிற்கிற அளவுக்கு வளைத்தேன். அதற்குத் தகுந்தபடி வார்களும் கூடுதலாகத் தைக்க வேண்டியிருந்தது. அதை ஸ்வாவா செய்தாள், என்னைக் குத்துகிற மாதிரி ஊசியைக் குத்திக்கொண்டு.

சாம்பல் புதனுக்கு முந்தின திங்கட்கிழமை ஊரே கிரீம் பன் தின்கிற நாள். பன் தின்ற கையோடு குமிழ் பிளாஸ்டிக்கைத் தண்ணீராக ஒட்டினோம். லோவா ஒட்டின பக்கமெல்லாம் கிரீம். செவ்வாய்க்கிழமை உப்புக்கறியும் பட்டாணிச் சூப்பும் வயிறு வெடிக்கத் தின்றாக வேண்டிய நாள். அன்றைக்குச் சாயங்காலம், குனிய முடியாத வயிறோடு, பழைய தலையணையைப் பிரித்துக் கம்பியில் சுற்றி நீராவி செய்தேன். கடைசியாக என் கைவண்ணம்: நீச்சல்குளத்தில் இருக்கிற மாதிரியே நீலத்தகட்டில் வெள்ளை எழுத்தில் வெப்பநிலைப் பலகை. நாற்பத்திரண்டு என்று எழுதி, விளிம்பில் மாட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அதைப் பார்த்ததும் லோவாவின் முகம் சுருங்கிப்போனது.

"அப்பா! நாப்பத்திரெண்டா?"

"ஏன், அதுதான நல்ல தொட்டி?"

"நாப்பத்திரெண்டுல யாரு வருவாங்க? கெழவங்கதான் வருவாங்க! பசங்க எல்லாம் முப்பத்தெட்டுலதான உக்காருவாங்க. முப்பத்தெட்டுன்னு போடு. இல்லன்னா யாருமே உள்ள வர மாட்டாங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிள்ளை வேஷம் கேட்கவில்லை. நான் பீற்றிக்கொண்டதை அப்படியே நம்பி, கூப்பிடாமலே ஆள் வந்து உட்காருகிற ஒரு இடம் கேட்டிருக்கிறாள். அதற்குத்தான் பெரிய தொட்டி. திரும்பி நின்று பலகையைச் சுரண்டினேன். முப்பத்தெட்டு என்று எழுதிக் கொடுத்தேன். யாரும் வராமல் போனால் என்ன செய்வது என்று அடிவயிற்றில் ஒரு பயம் வந்து உட்கார்ந்தது. அன்றைக்கு முழுதும் தின்ற கறி அதன் மேல் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் காலையில் லோவா பனி உடுப்புக்கு மேலே அம்மாவின் நீச்சல் உடையை மாட்டி, கம்பளித் தொப்பிக்கு மேலே ரப்பர் தொப்பி போட்டு, நீச்சல் கண்ணாடியும் அணிந்து தயாரானாள். தெருவில் இறங்கியதும் என் கட்டுமானத்தின் கோளாறு தெரிந்துவிட்டது. முன்பக்க வார் அவள் தோளில் இருந்தது. பின்பக்கத்தில் தோள் இல்லை. தொட்டியின் பாதி பனியில் இழுபட்டது.

வாசலில் நின்ற ஸ்வாவா உள்ளே போய் என் நீச்சல் டவுசரை எடுத்துவந்து என் கையில் திணித்தாள்.

"போடு."

"இதையா? ஓவராலுக்கு மேலயா?"

"தொட்டிக்குள்ள துணியோட எறங்குவியா? போடு."

போட்டேன். இப்படியாக, ஊரில் பாதி வீட்டுக்குக் குழாய் போட்ட நான், ஓவராலுக்கு மேலே செடி கொடி போட்ட டவுசர் மாட்டிக்கொண்டு, ஒரு தொட்டியின் பின்பாதியாக அக்குரெய்ரியின் கடைத்தெருவில் நடந்தேன். சாலை முனையில் நிற்கச் சொல்லும் சிவப்பு விளக்கு எரிந்தது, இந்த ஊரில் அது இதய வடிவம். நின்றோம். லாரிக்காரன் ஒருவன் கண்ணாடியை இறக்கி, "தோர்கில்ஸ், என் வீட்டு ரேடியேட்டர் என்னாச்சு?" என்று கத்தினான். காது கேட்காத மாதிரி நீராவிக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டேன்.

முதலில் பேக்கரி. குழாய் வளைகிற குழாய் என்பதால் இரண்டு பக்கமும் அமுக்கினால் வட்டம் முட்டையாகி வாசலுக்குள் நுழைந்துவிட்டது. அந்த ஒரு விஷயத்தில் எனக்கு மார்பு விரிந்தது. உள்ளே ஏற்கெனவே ஒரு கோஷ்டி: மூன்று அட்டைப்பெட்டி ரோபோக்கள். லோவாவின் வகுப்புப் பிள்ளைகளான மானியும் ஹுக்ரூனும் ஆரியும்தான். வெள்ளித்தாள் ஒட்டி, பாட்டில் மூடியில் பொத்தான் வைத்து, பார்க்க ஜோராகத்தான் இருந்தார்கள்.

"அது என்ன? ட்ராம்போலினா?" என்றான் ஆரி.

"வெந்நீர்த் தொட்டி" என்றாள் லோவா, சத்தமே இல்லாமல்.

"அப்ப அது யாரு, உங்கப்பாவா? உங்கப்பா எதுக்கு?"

லோவாவின் கழுத்து தொட்டிக்குள் இறங்கியது. ட்ராம்போலின் என்று சொன்ன வாய்க்கு ஒரு பதில் சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. பித்தளை இணைப்பு போட்ட ட்ராம்போலினை எங்கேயடா பார்த்தாய்? பல்லைக் கடித்துக்கொண்டேன். ரோபோக்கள் மிட்டாயை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். லோவா தான் கட்டின பாட்டைப் பாடினாள்.

"முப்பத்தெட்டு டிகிரி சூடு,
மூக்கை மட்டும் வெளியே போடு!"

அடுத்த அடி இருந்தது, கூட்டமாகப் பாட வேண்டியது, பாடவில்லை. பேக்கரிக்காரம்மா சிரித்து, பை நிறைய மிட்டாய் போட்டு, "அய்யோ, நானும் உள்ள வரவா?" என்றாள். வேலையை விட்டுவிட்டு எங்கே வருவாள்? சொன்னதோடு சரி.

அடுத்தடுத்த கடைகளிலும் அதேதான். பெரியவர்கள் கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். பிள்ளைகள் சுற்றிப் பார்த்துவிட்டுத் தங்கள் கோஷ்டியோடு ஓடிவிட்டார்கள். லோவா ஒவ்வொரு முறையும் பலகையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள், எண் அழிந்துவிட்டதோ என்று. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. என் வாயை நானே தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. தண்ணீர் சூடாக இருந்தால் வருவார்களாம்!

கெஸ்தூரின் மீன்பிடிச் சாமான் கடைக்கு வரும்போது வானம் சாம்பலாகிவிட்டது. தொட்டியில் ஓயாமல் பேசுகிற கெஸ்தூர், கடையில் மிட்டாய் கொடுக்க மாட்டார். பாடினால் உலர்ந்த மீன்தான். லோவா பாடினதும் ஒரு துண்டு மீனைக் கொடுத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பலகையைப் படித்தார்.

"முப்பத்தெட்டா? சே, ஆறிப்போன காப்பி. எனக்கு ஆகாது."

"உங்களுக்கு இல்ல தாத்தா" என்றாள் லோவா. "இது பசங்களுக்கு."

"அப்ப பசங்க எங்க? இந்த மீசைக்காரப் பையன் ஒருத்தன்தான் தெரியறான்."

அவர் சும்மா கேலிக்குத்தான் கேட்டார். லோவா பலகையைக் கையால் மறைத்துக்கொண்டாள். "வீட்டுக்குப் போலாம்ப்பா" என்றாள். நான் சரி என்றேன்.

வெளியே வந்தால் பனியும் மழையும் கலந்து சாட்டையால் அடிக்கிற மாதிரி அடித்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து அந்த மூன்று ரோபோக்களும் வந்தார்கள். ரோபோ என்று இப்போது சொல்ல முடியாது. அட்டை ஊறிக் கஞ்சியாகி, வெள்ளித்தாள் பிய்ந்து தொங்கியது. ஆரியின் தலைப்பெட்டி கழுத்தில் மாலையாகக் கிடந்தது. ஹுக்ரூன் தன் வயிற்றுப் பொத்தான்களைக் கையில் ஏந்திக்கொண்டு விசும்பினாள். மானியின் மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. வேஷம் போனால் பாட்டும் போச்சு, மிட்டாயும் போச்சு. பாதிக் கடை இன்னும் பாக்கி.

மூன்று பேரும் எங்கள் முன்னால் நின்றார்கள். கண் தார்ப்பாய் மேலேயே இருந்தது. அதில் விழுந்த பனிமழை ஒட்டாமல் வழிந்து ஓடியது. நான் வாயைத் திறந்து, வாங்கடா உள்ளே என்று சொல்ல மூச்சை இழுத்தேன். அம்மா போன் பண்ணி வருகிறவர்கள் அம்மாவின் சிநேகிதர்கள் என்று இவள் சொன்னது ஞாபகம் வந்தது. இழுத்த மூச்சை அப்படியே வைத்துக்கொண்டேன்.

மானி ஒரு அடி முன்னால் வந்து விளிம்பில் கையை வைத்தான்.

லோவா சட்டென்று நிமிர்ந்தாள். நீச்சல்குளத்து வாசலில் நின்று எல்லோரையும் விரட்டுகிற காவல்காரம்மாவின் குரல் அப்படியே அவள் தொண்டையிலிருந்து வந்தது. "ஏய்! குளிக்காம உள்ள எறங்கக் கூடாது!"

மானி ஒரு கணம் திகைத்தான். பிறகு இரண்டு கையையும் விரித்து, தலை முதல் கால் வரை சொட்டுகிற தன்னைத் தானே காட்டி, "இப்பதான குளிச்சேன்!" என்றான்.

"சோப்பு போட்டியா?"

"போட்டேன்! அக்குள்ல கூட!"

ஹுக்ரூன் விசும்பலுக்கு நடுவே சிரித்துவிட்டாள். மூக்கிலிருந்து ஒரு குமிழி வந்தது. அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். மானி தார்ப்பாயைத் தூக்கிக் குனிந்து உள்ளே வந்தான். ஹுக்ரூன் பொத்தான்களைச் சாலையோரம் போட்டுவிட்டு வந்தாள். ஆரி கழுத்து மாலையைக் கழற்றி எறிந்தான்.

"நீ ட்ராம்போலின்னு சொன்னல்ல?" என்றாள் லோவா.

"சும்மா சொன்னேன். தண்ணி எத்தன டிகிரி?"

"முப்பத்தெட்டு. படிக்கத் தெரியாதா?"

"சரி, சூடாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஆரியும் குனிந்தான். உள்ளே ஐந்து பேர். ஈரமான பனி உடுப்புகளின் நாற்றமும் உலர்ந்த மீனின் நாற்றமும் என் மூக்குக்கு நேரே. என் விலாவில் யாரோ முழங்கையால் இடித்தார்கள். என் கால்மேல் யாரோ நின்றார்கள். லோவா மூன்று பேருக்கும் பாட்டைச் சொல்லிக்கொடுத்தாள். பேக்கரியில் பாடாமல் விட்ட அடியையும் சேர்த்து. மானி தோளில் பின்வார் ஏறியது. தொட்டி ஒரு பக்கமும் சாயாமல் நிமிர்ந்து நின்றது.

லோவா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்பா. எடமில்ல."

"எனக்கா?"

"ஆமா. நீ நாப்பத்திரெண்டுக்குப் போ."

தார்ப்பாய்க்கு அடியில் தவழ்ந்து வெளியே வந்தேன். நான் எழுந்து நிற்பதற்குள் தொட்டி நகர்ந்துவிட்டது. எட்டுக் கால், நாலு விதமாக மிதித்துக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் கத்திக்கொண்டு. அடுத்த கடை வாசலில் "அமுக்கு, அமுக்கு!" என்று லோவா கட்டளையிட்டாள். வட்டம் முட்டையாகி உள்ளே போனது. அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பனிமழை என் டவுசரில் இறங்கிக்கொண்டிருந்தது. கெஸ்தூர் கடைக்கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார், கையில் காப்பிக் கோப்பையோடு.

"என்ன தோர்கில்ஸ், வெளிய தள்ளிட்டாங்களா?"

"தள்ளிட்டாங்க!" என்றேன், தெருமுனை வரை கேட்கிற மாதிரி. "எடமே இல்லையாம்!"